செத்தவன் பேசக் கூடாது

ஊசிக்கு அந்தப் பெயர் வந்ததற்கு அவனுடைய ஒல்லி உடம்பு பாதிக் காரணம், பார்த்த வேலை மீதிக் காரணம். கம்ப்யூட்டரில் துப்பாக்கி பிடித்துச் சுடுகிற ஆட்டத்தைத் தொழிலாக ஆடுகிறவன் அவன். ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர். ஒரு பக்கம் குண்டு வைக்க வரும், மறுபக்கம் தடுக்கும். ஒரு சுற்றில் செத்தால் அடுத்த சுற்று வரை எழுந்திருக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி, இன்னும் உயிரோடு இருக்கிற கூட்டாளியின் திரையில் தெரிவதை வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

அந்த ஐந்து பேரில் முதலில் உள்ளே நுழைகிறவன் ஊசி. எதிராளி குறிவைத்துக் காத்திருக்கிற வாசலில் தெரிந்தே போய்ப் பாய வேண்டும். பத்துக்கு ஏழு தடவை சாவான். ஆனால் அவனைச் சுட்டவன் தான் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறான் அல்லவா? பின்னாலேயே வருகிற கேப்டன் அவனைப் போட்டுத்தள்ளிவிடுவான். கைதட்டல் கேப்டனுக்கு. ஆட்டம் முடிந்து போடுகிற பட்டியலில் ஊசியின் பெயர் கடைசியில் கிடக்கும். பார்க்கிற ஜனத்துக்கு என்ன தெரியும்? இந்த ஊசியை எதற்கு வைத்திருக்கிறார்கள், தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்று இணையத்தில் வாய்க்கு வந்ததை எழுதும். ஏழு வருடமாக எழுதுகிறது. எழுதுகிறவனை அந்த வாசலில் ஒருநாள் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று ஊசிக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

கேப்டன் வேறு யாரும் இல்லை. ஊசியின் அக்காவைக் கட்டியவன். ஒரே அறையில், ஒரே கம்ப்யூட்டரில் மாறி மாறி ஆடி வளர்ந்த சினேகிதர்கள் இருவரும். அப்போது ஒருவரையொருவர் மச்சான் என்று சும்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு நிஜமாகவே ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு மறுநாளே அக்கா தம்பியைக் கூப்பிட்டு, இனிமேல் வாடா போடா எல்லாம் வீட்டு வாசலுக்கு வெளியே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் வீட்டில் 'நீங்க', ஆட்டத்தில் 'நீ'. முதல் ஒரு வருடம் இதைச் சொல்லிச் சொல்லியே மூவரும் சிரித்தார்கள்.

ஊசிக்கு ஒரு பழக்கம். எதையாவது சொல்வதற்கு முன்னால் மூக்கால் சுருக்கென்று ஒரு மூச்சை உறிஞ்சுவான். சின்ன வயதில் இதை வைத்து அக்கா அவனைப் படாதபாடு படுத்தியிருக்கிறாள். கேப்டனுக்கோ அந்த மூச்சே போதும். ஹெட்செட்டில் அது கேட்டவுடன் துப்பாக்கியைத் திருப்பிவிடுவான். வார்த்தை வந்துசேர்வதற்குள் எதிராளி கீழே கிடப்பான். என்ன மாயமோ, பின்னாலும் இவனுக்குக் கண் இருக்கிறது என்று ஊரே வியந்தது. இரண்டு பேரும் அப்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அதெல்லாம் அந்தக் காலம். பெயர் வந்தது, பின்னாலேயே தலைக்கனமும் வந்தது. முதலாளி ஒருவர் அணியை எடுத்துக்கொண்டார். ஐந்து மேஜையும் குளிர்சாதனமும் ஜன்னலே இல்லாத சுவரும் கொண்ட ஒரு பயிற்சி அறை கிடைத்தது. கேப்டனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தோற்றால் ஊசி, வென்றால் தான் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டான். மற்ற மூவரும் காற்றடிக்கிற பக்கம் சாய்கிற ஜாதி, அவர்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு மேடையில் அது வெடித்தது. நான்கு பேர் செத்து, கேப்டன் தனியாக நின்றான். எதிராளியின் காலடிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். செத்துக் கிடந்த ஊசிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பார்த்து, பார்த்து என்று இரண்டு தடவை சொல்லிவிட்டான். அந்த இரண்டு வார்த்தையில் காலடிச் சத்தம் முழுகிப்போய், கேப்டன் செத்தான். தப்புதான், ஊசி இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேப்டன் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வீசிவிட்டு, அத்தனை கூட்டத்துக்கும் முன்னால் அவனை நிற்கவைத்துக் கேட்ட கேள்வி இருக்கிறதே, அதை ஒரு நாய்கூடத் தாங்காது.

மறுநாள் பயிற்சி அறைச் சுவரில் ஒரு காகிதம் தொங்கியது. கொட்டை எழுத்தில் கேப்டனே எழுதியிருந்தான்: செத்தவன் பேசக் கூடாது. கடைசி ஆள் ஒருவன் மட்டும் நிற்கும்போது மற்ற நால்வரும் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று பொருள். முக்கியமான விஷயமாக இருந்தால் என்று அணிக்குப் பயிற்சி கொடுக்கிற கோச் கேட்டார். நான் பார்க்காத முக்கியம் எதுவும் இல்லை என்று கேப்டன் சொல்லிவிட்டான். அதோடு விட்டானா? ஊசிக்கு மட்டும் ஒரு வாரம் தனிப் பாடம். செத்தவுடன் அவனே தன் மைக்கின் மேல் டேப் ஒட்ட வேண்டும். அடுத்த சுற்று தொடங்கும்போது அவனே பிய்க்க வேண்டும். முதலில் சாகிறவன் அவன்தானே, ஒரு நாளைக்கு எண்பது தடவை ஒட்டிப் பிய்த்தான். பசை விரலில் ஏறி, விரலிலிருந்து மவுஸுக்கு ஏறி, மவுஸ் கையோடு ஒட்டிக்கொண்டது. மூவர் சிரித்தார்கள். ஊசி பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினான். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து, என்னடா இது கையெல்லாம் என்று அக்கா கேட்டதற்கு, மேஜை ரிப்பேர் பண்ணினோம் என்றான்.

அக்கா ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். ஊசி இருப்பது அவர்கள் வீட்டுப் பின்னறையில்தான். எங்கே போனாலும் அந்த முகத்திலிருந்து தப்ப முடியாது. பகலெல்லாம் ஹெட்செட்டில் மச்சானின் குரல், சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் மச்சானின் முகம். அக்காவுக்காக இருவரும் சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பார்கள். தண்ணி வேணுமா மச்சான் என்பான் ஊசி. கொடுப்பான், வயிறு எரிந்துகொண்டே.

அந்த வருடத்தின் பெரிய போட்டிக்குப் போக இன்னும் ஒரே ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது. ஜெயித்தால் போகலாம். தோற்றால் அணியில் ஒருவரை மாற்றுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். யாரை என்று அவர் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஊசிக்கு இருபத்தாறு முடிந்திருந்தது. இந்தத் தொழிலில் அது கிழவனின் வயது. வேறு வேலை அவனுக்குத் தெரியாது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன்.

ஆட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அக்கா டீயை ஆற்றிக்கொண்டே சர்வசாதாரணமாகக் கேட்டாள். "உனக்குப் பதிலா புதுசா ஒருத்தன் வர்றானாமே. நீ பின்னாடி உட்கார்ந்து சொல்லித்தர்ற வேலைக்குப் போறியாம். நல்லதுதானே, உன் கண்ணுக்கும் ஓய்வு."

"யார் சொன்னா?"

"உன் மச்சான்தான். பேசி முடிச்சாச்சுன்னாரே. உன்கிட்ட சொல்லலையா?"

சொன்னார், சொன்னார் என்று ஊசி தலையாட்டினான். டீயைக் குடிக்காமல் மேஜையில் வைத்தான். கூடவே இருந்து குழி பறிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறான், அந்தக் குழியைத் தன் அக்காவின் வாயால் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்றே என்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. நேரே கோச்சிடம் போய்க் கேட்டான். கோச் அதிகம் பேசாதவர், ஆனால் பேசினால் மாற்றிப் பேசமாட்டார். கேப்டன் யாரிடம் வேண்டுமானாலும் பேசி வைத்துக்கொள்ளட்டும், பேர் எழுதித் தருவது நான், ஜெயித்தால் இதே ஐந்து பேர்தான் போவோம், தோற்றால் உன்னைக் காப்பாற்ற என்னால் முடியாது என்று பட்டென்று சொல்லிவிட்டார். ஆக, ஜெயித்தால் ஊசிக்கு இடம் உண்டு. தோற்றால் இல்லை. கணக்கு அவ்வளவு சுலபம்.

ஆட்டத்தன்று ஊசி ஆடின ஆட்டத்தை அவன் ஏழு வருடத்தில் ஆடியதில்லை. சாக வேண்டிய வாசலிலெல்லாம் உயிரோடு உள்ளே போனான். எழுதுகிற ஜனம்கூட அன்றைக்கு வாயை மூடிக்கொண்டது. ஆனால் எதிராளியும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கடைசியில் இரண்டு பக்கமும் சமமாகி, எல்லாம் ஒரே ஒரு சுற்றில் வந்து நின்றது.

அந்தச் சுற்றில் ஊசி நுழைந்து இரண்டு பேரைச் சாய்த்துவிட்டுச் செத்தான். மற்ற மூவரும் இன்னும் இரண்டு பேரைச் சாய்த்துவிட்டு ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். குண்டு வைத்தாயிற்று. இந்தப் பக்கம் கேப்டன் மட்டும், அந்தப் பக்கம் ஒரே ஒருவன் மட்டும். இன்னும் அரை நிமிடம் அவனைக் குண்டிடம் அண்டவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும், அது வெடித்து ஜெயித்துவிடலாம். கேப்டன் மூலையில் பதுங்கி, எதிரே இருந்த நடைபாதையைக் குறிவைத்துக்கொண்டு நின்றான். ஹெட்செட்டில் ஒரு சத்தம் இல்லை. நால்வரும் சட்டப்படி வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

உயிரோடு இருக்கிறவன் திரையின் நடுவில் இருக்கிற குறியை மட்டும்தான் பார்ப்பான். செத்தவனுக்குத்தான் முழுத் திரையும் தெரியும். வலது ஓரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தரையில் ஒரு நிழல் நகர்வதை ஊசி பார்த்தான். பிறகு துப்பாக்கியின் நுனி தெரிந்தது. நடைபாதையில் ஆள் இல்லை, தொட்டிக்குப் பின்னால் இருக்கிறான். வலது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஊசி மூச்சை உறிஞ்சினான்.

உறிஞ்சியவன் நிறுத்திக்கொண்டான். எதற்கு என்று கேட்டால், அந்த நேரத்தில் அவன் விரலில் பசை பிசுபிசுத்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்காவின் குரல் கேட்டது. சொன்னால் இவன் ஜெயிப்பான், ஜெயித்தால் கைதட்டல் இவனுக்கு, பின்னால் கண் இருக்கிறது என்பார்கள். சொல்லாவிட்டால் தன் இடமும் சேர்ந்து போகும் என்று தெரியாமல் இல்லை, நன்றாகத் தெரிந்தது. போகட்டும், இவன் தோற்றால் போதும் என்று இருந்தது அவனுக்கு. இழுத்த மூச்சை மெல்ல வெளியே விட்டான். கேப்டன் நடைபாதையையே பார்த்துக்கொண்டு நின்றான், தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்த ஒரே தோட்டாவில் செத்தான். எதிராளி நிதானமாக நடந்துபோய்க் குண்டைச் செயலிழக்கச் செய்தான். அதோடு அந்த வருடத்து ஆட்டம் முடிந்தது.

மேடைக்குப் பின்னால் எல்லோரும் மவுஸையும் ஹெட்செட்டையும் பையில் திணித்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன், ஊசி அவசரப்பட்டு நுழைந்ததால் வந்த வினை என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். ஊசி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலை வழக்கம்போல எல்லோரும் பயிற்சி அறையில் கூடினார்கள். ஆட்டம் முடிந்தால் அதைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது முறை. ஒவ்வொருவர் திரையும், ஒவ்வொருவர் மைக்கில் போன சத்தமும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். கோச் கடைசிச் சுற்றைப் போட்டார். கேப்டனின் திரை ஓடியது. தொட்டிப் பக்கம் நிழல் வந்ததும் நிறுத்தினார். இது உங்க நாலு பேருக்கும் தெரிஞ்சுதா என்று கேட்டார். மூவர் தலைகுனிந்தார்கள், தாங்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். ஊசி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கோச் மற்ற சத்தங்களையெல்லாம் அணைத்துவிட்டு, ஊசியின் மைக்கை மட்டும் வைத்து ஓட்டினார்.

அறை முழுக்க ஒரு மூச்சு கேட்டது. சுருக்கென்று உள்ளே போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக வெளியே வந்தது.

கேப்டன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். தெரிந்தே இருந்திருக்கிறான், தெரிந்தே கழுத்தை அறுத்திருக்கிறான், துரோகி, இவனை நான் என் வீட்டில் வைத்துச் சோறு போடுகிறேன் என்று கத்தினான். ஊசி உட்கார்ந்த இடத்திலிருந்தே சுவரைக் காட்டினான். "நீ எழுதினதுதான். ஒரு நாளைக்கு எண்பது தடவை மைக்ல டேப் ஒட்ட வெச்சியே, மறந்துடுச்சா? செத்தவன் பேசக் கூடாது. நான் பேசல." சொல்லும்போது அவனுக்கு உள்ளே இனித்தது, அதை மறைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

கோச் இருவரையும் உட்காரச் சொன்னார். பிறகு அதே இடத்தைத் திரும்ப ஓட்டினார். இந்தத் தடவை கேப்டனின் திரையையும் ஊசியின் மைக்கையும் ஒன்றாகச் சேர்த்து, ஆமை வேகத்தில். நடைபாதையில் அசையாமல் நிற்கிறது குறி. மூச்சு உள்ளே போகிறது. உடனே குறி வலது பக்கம் நகர்கிறது, இரண்டு விரற்கடை தூரம், தொட்டியை நோக்கி. அங்கே நிற்கிறது. பிறகு திரும்பவும் நடைபாதைக்கே போய்விடுகிறது.

கோச் மூன்று தடவை ஓட்டிக் காட்டினார். மூன்று தடவையும் குறி போனது, நின்றது, திரும்பியது. இது என்ன என்று கேட்டார். கத்தின கேப்டனின் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. ஊசிக்கு இப்போதுதான் புரிந்தது. ஏழு வருடம் அந்த மூச்சுக்குத் திரும்பிய கை, அன்றைக்கும் திரும்பியிருக்கிறது. கேட்டிருக்கிறது இவனுக்கு. ஆள் எங்கே என்று தெரிந்திருக்கிறது. வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டிருக்கிறான். உள்ளே இனித்துக்கொண்டிருந்தது சட்டென்று கசந்துபோய், ஊசி தரையைப் பார்த்தான்.

"முதலாளி ஒருத்தரை மாத்தச் சொன்னார்," என்றார் கோச். "நான் ரெண்டு பேரை எழுதித் தரப்போறேன்." கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்து போனார். மூவரும் பின்னாலேயே நழுவினார்கள். சுவரில் இருந்த காகிதத்தை யாரும் கிழிக்கவில்லை.

அன்று அக்காவுக்குக் கடை விடுமுறை. மத்தியானம் கேப்டன் முன்னால் வந்தான், பத்து நிமிடம் கழித்து ஊசி வந்தான். தெருமுனையில் ஒருவன் கண்ணில் ஒருவன் பட்டும் சேர்ந்து நடக்கவில்லை. அக்கா இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தட்டு வைத்தாள். ஒருவன் சொன்னான், இன்னொருவன் ஆமாம் என்றான், வேலை போன விஷயம் இரண்டே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நேத்து கடையில போன்ல பார்த்துட்டிருந்தேன்," என்றாள் தம்பியிடம். "அந்தத் தொட்டிப் பக்கம் எங்களுக்கெல்லாம் நல்லாத் தெரிஞ்சுது. மாத்திரை வாங்க வந்தவங்க முன்னாடி வலது பக்கம்னு கத்தினேன், வெட்கமாப் போச்சு. நீ செத்துக் கெடந்தியே, உனக்கும் தெரிஞ்சிருக்கும்ல. ஏன்டா சொல்லல?"

ஊசி மூச்சை உறிஞ்சினான். தட்டில் பிசைந்துகொண்டிருந்த கேப்டனின் கை அப்படியே நின்றது.

"சொன்னான்," என்றான் கேப்டன், நிமிராமல். "எனக்குக் கேட்டுது."

"கேட்டும் திரும்பலையா?"

"இவன் சொல்லித்தான் நான் ஜெயிக்கணுமா?"

அவன் குரலில் வருத்தம் எதுவும் இல்லை. இன்னமும் அதே கடுகடுப்புதான். அக்கா தம்பியைப் பார்த்தாள். சட்டம், காகிதம், டேப் என்று காலையில் சொன்னதையெல்லாம் இங்கேயும் சொல்லலாம், அவள் நம்புவாள், புருஷனைத் திட்டுவாள். ஊசிக்கு அது வாய்வரை வந்தது.

"நான் சொல்லல அக்கா," என்றான். "சொல்ல வந்து நிறுத்திட்டேன். இவர் தோக்கணும்னு நிறுத்திட்டேன். என் வேலை போனாலும் பரவாயில்லைன்னு இருந்துச்சு."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுவாள் என்று இருவருமே நினைத்தார்கள். அவள் அழவில்லை. ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்தாள், முதல் தடவையாகப் பார்ப்பது போல.

"அப்ப எதிர்ல இருந்த அந்த அஞ்சு பேரோட நீங்க விளையாடவே இல்லை," என்றாள். "நான் வேற கத்திட்டிருந்தேன்."

எழுந்து தன் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்து கழுவுகிற சத்தம் கேட்டது. மேஜையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஊசி இன்னொரு தடவை மூச்சை உறிஞ்சினான். கேப்டன் உடனே நிமிர்ந்து பார்த்தான், பழக்கதோஷம். என்ன வரப்போகிறது என்று காத்திருந்தான். ஊசியிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. மூச்சை வெளியே விட்டுவிட்டு, ஆறிப்போன சோற்றைச் சாப்பிடத் தொடங்கினான்.